சாமி மீனும் என் கணக்கும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு மீனவர் குப்பத்தில் நடந்த கதை இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது, பிறகுதான் சிரிப்பு. யார் மேல் கோபம் என்று கேட்டால், எல்லோர் மேலும்தான். என்னையும் சேர்த்து.

நான் ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். எனக்கும் மீனுக்கும் உள்ள சம்பந்தம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்போடு சரி. அப்படிச் சிவனே என்று இருந்தவளை இதில் இழுத்துவிட்டவர், என்னோடு படித்த ஒரு நண்பர். மீன் ஆராய்ச்சியில் இருக்கிறார். "கொஞ்ச நாள் வேலைதான், மீனை நாங்க பார்த்துக்கறோம், கணக்கை மட்டும் நீ பாரு" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். அதன்பிறகு எத்தனை சனிக்கிழமைகள் மின்சார ரயிலில் செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோவில் மடங்கி உட்கார்ந்து, வேர்வையோடு அந்தக் குப்பத்தில் இறங்கினேன் என்பது என் முதுகுக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். குப்பத்தை ஒட்டி ஓர் உப்பங்கழி இருக்கிறது. கோடையில் மணல் மேடிட்டு அதன் முகத்துவாரம் அடைபட்டுவிடும். ஐப்பசி மழையில் வெள்ளம் வந்து மணலை உடைத்துக்கொண்டு கடலில் சேரும். அந்த நேரத்துக்காகக் காத்திருந்து, உள்ளே வளர்ந்த மடவை மீன்கள் முட்டையிடக் கடலுக்குப் போகும். குஞ்சுகள் பிறகு அதே வழியாக உள்ளே வரும். இந்தப் போக்குவரத்து நின்றால் மடவை இல்லை. மடவை இல்லையென்றால் வீச்சு வலையை நம்பியிருக்கிற பாதிக் குப்பத்துக்குப் பிழைப்பு இல்லை.

அந்த முகத்துவாரத்தின் குறுக்கே கல் கொட்டி அடைத்துவிட்டு, உள்ளே வருடம் முழுக்கப் படகுச் சவாரி விடலாம் என்று யாரோ ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். குப்பத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவி விடவில்லை. வாய் ஓயாத, யாருக்கும் பயப்படாத மனுஷி. ஏற்கெனவே மடவை குறைந்துகொண்டே வருகிறது, வாசலையும் அடைத்தால் அதோடு முடிந்தது என்று போகாத இடமெல்லாம் போய் மனுக் கொடுத்தார். கடைசியில், மீன் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று எண்ணிச் சொல்லுங்கள், அதை வைத்து முடிவு செய்கிறோம் என்று செங்கல்பட்டில் ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த எண்ணும் வேலைதான் என் நண்பர் தலையில் விழுந்து, அங்கிருந்து என் தலைக்கு உருண்டு வந்தது.

தண்ணீருக்குள் இருக்கிற மீனை எப்படி எண்ணுவது? ஓர் அண்டா நிறையப் பச்சைப்பயறு இருக்கிறது. அதில் ஒரு பிடி மொச்சையைப் போட்டு நன்றாகக் கலந்துவிட்டு, கரண்டியால் அள்ளிப் பாருங்கள். கரண்டியில் மொச்சை நிறைய வந்தால் அண்டாவில் பயறு கொஞ்சம்தான் என்று அர்த்தம். மொச்சையே வராவிட்டால் பயறு ஏராளம். அவ்வளவுதான் விஷயம். கொஞ்சம் மடவையைப் பிடித்து, அடையாளம் வைத்துத் திருப்பி விடுவது. பிறகு குப்பத்து வலைகளில் விழும் மீன்களில் அடையாளம் உள்ளவை எத்தனை என்று பார்ப்பது. அதே கழியில் பல வருடங்களுக்கு முன்பு இதே முறையில் எடுத்த கணக்கு ஒன்று இருந்தது. அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அடையாளத்துக்காக வரவழைத்த பிளாஸ்டிக் சீட்டுகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. நண்பர் சளைக்காமல் மஞ்சள் நைலான் நூல் வாங்கி வந்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே கோத்து முடிச்சுப் போட ஏற்பாடு செய்தார். மஞ்சள் என்றால் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் என்றார். நியாயம்தானே என்று நாங்களும் தலையாட்டினோம். மீன்களை விடும் நாளன்று நல்ல நேரம் பார்த்து, கழிக்கரையில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, முதல் மீனை நண்பரே இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டார். எங்கள் ஊரில் மோட்டார் போடுவதானாலும் பூஜை இல்லாமல் எவன் தொடங்குகிறான்? குப்பமே கரையில் நின்று பார்த்தது. சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்ன பக்தி என்று நான்கூட நெகிழ்ந்து போனேன்.

மஞ்சள் நூல் உள்ள மீனைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் என்று அறிவித்திருந்தோம். குப்பத்து மீன் ஏலக் கொட்டகைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினோம். அடுத்த வாரமே அதன் மேல் யாரோ ஒரு காதணி விழா பேனரைக் கட்டிவிட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வைத்தோம். அந்த ஆட்டோ வழக்கமாகப் பழைய இரும்புக்கு வெங்காயம் கொடுக்கிற ஆட்டோவாம். யாரும் காது கொடுக்கவில்லை.

ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரம் போயிற்று. கொட்டகைக்கு வந்த மடவையை எல்லாம் எங்கள் ஆட்கள் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களே வலை வீசிப் பிடித்த ஒன்றிரண்டைத் தவிர மஞ்சள் நூல் கண்ணிலேயே படவில்லை. டம்ளர்ப் பெட்டி கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. ஆவணி முடிவில் நான் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு, தப்பாகப் போட்டேனோ என்று திரும்பவும் போட்டேன். பழைய கணக்கைவிடப் பல மடங்கு அதிகமாக மடவை இருப்பதாக வந்தது. அந்தக் கழியில் அத்தனை மீன் இருந்தால் தண்ணீர் நிற்கவே இடம் இருக்காது.

இந்தச் சேதி எப்படியோ குப்பத்துக்குப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை நான் ஆட்டோவிலிருந்து இறங்கவே இல்லை, தலைவி பிடித்துக்கொண்டார்.

"இன்னா கணக்கு போட்டீங்க டீச்சரம்மா? மீனு கொட்டிக் கெடக்குதா? எங்க கெடக்குது, வந்து காட்டுங்க! என் வூட்டுக் கொழம்புல ஒரு மடவ கீதா பாருங்க! பசங்க எல்லாம் வலைய வுட்டுட்டு மறைமலைநகர் கம்பெனி பஸ்ல ஏறிப் போயிகினு கீதுங்க. என் வூட்டுக்காரருக்கு வலைய வுட்டா வேற இன்னா தெரியும்?"

கண்ணுக்கு முன்னால் காலிக் கூடை இருக்கிறது, என் கையில் உள்ள காகிதமோ மீன் பொங்கி வழிகிறது என்கிறது. இவர்களே மஞ்சள் நூல் மீனைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டு, நூலைக் குப்பையில் போட்டுவிட்டு, நம்மிடம் வந்து கத்துகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நண்பரிடம் சொன்னேன். "இருக்கலாம், ஆனா டம்ளரைக்கூடவா வேண்டாம்பாங்க?" என்று அவர் தலையைச் சொறிந்தார். அவரை என்ன செய்வது!

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்து, கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு ஒரு நாள் அதிகாலையில் சொல்லாமல் கொள்ளாமல் கழிக்கரைக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். பார்த்தால், தலைவியின் கணவர். வலையை இழுத்தார். துள்ளிய நாலைந்து மீன்களுக்கு நடுவே பளிச்சென்று மஞ்சள் நூல்! அவர் அந்த மீனை மட்டும் தனியாக எடுத்தார். இரண்டு கையிலும் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு குனிந்து, மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

நான் போட்ட கத்தலில் கரையில் நின்ற கொக்குகள் எல்லாம் பறந்து போயின.

"அண்ணா! அதை ஏன் விட்டீங்க?"

செருப்புக் காலோடு கோயிலுக்குள் வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "சாமி மீனும்மா. புடிச்சா குத்தமாயிடும்."

"எந்த சாமிக்கு? யார் சொன்னாங்க?"

"இன்னாம்மா இப்டி கேக்கறீங்க? நீங்கதான வந்து கற்பூரம் காட்டி, தேங்கா ஒடச்சி, மஞ்ச கயிறு கட்டி கங்கையம்மாவுக்கு நேர்ந்து வுட்டீங்க? ஊரே பாத்துகினு இருந்துச்சே!"

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை யாராவது வெட்டுவார்களா? மஞ்சள் துணி கட்டிவிட்ட சேவலை யாராவது அடித்துத் தின்பார்களா? என் வீட்டிலேயே பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தவள் நான். நண்பரின் மணிக்கட்டில் திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் கட்டிய கயிறு இன்னும் நிறம் போகாமல் இருக்கிறது. இத்தனை பேர் அந்தக் கரையில் நின்றோம். ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையே என்று அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இப்படி எத்தனை மீனை விட்டிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"அத்த யாரு எண்ணுனா? தெனம் வலையில வந்துகினேதான் கீது. எனுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான்."

தினமும் வருகிறதாம். எல்லோருக்கும் வருகிறதாம். கரண்டிக்குக் கரண்டி மொச்சை வந்திருக்கிறது. அப்படியென்றால் அண்டாவில் பயறே இல்லை! தலைவி தொண்டை கிழியக் கத்தியது அத்தனையும் உண்மை. அதை நிரூபிக்கிற சாட்சியைத்தான் அவருடைய கணவரே தினமும் கண்ணில் ஒற்றித் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் தலைவி அந்த மனிதரைப் போட்ட போட்டை இங்கே எழுத முடியாது. சரி, இனி மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் அடுத்த பேஜார். அது நேர்த்திக்கடன் இல்லை, ஆராய்ச்சிக்காகக் கட்டிய நூல் என்று நண்பர் கொட்டகையில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் தலைவியே எழுந்தார். "நீங்க இன்னாத்துக்கு கட்னீங்களோ, பூச போட்டது போட்டதுதான சார்? கங்கையம்மா பேர்ல தண்ணியில வுட்டத நாங்க எப்டி புடிச்சிக் குடுக்கறது?" என்றார். என்னிடம் சண்டை போட்ட அதே மனுஷி! தன் பிழைப்பே இதில் தொங்குகிறது என்று தெரிந்தும் பிடி கொடுக்கவில்லை. எனக்கு முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. மீன் எனக்கு எதற்கு? நானா சமைக்கப் போகிறேன்? பார்த்ததாகச் சொன்னால் போதுமே. கும்பிட்டுவிட்டே விடட்டும். கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும் கங்கையம்மன் கோயில் வாசலில் ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவை வைத்தோம். ஒரு சாமி மீனைப் பார்த்தால் ஒரு கிளிஞ்சல் போடுங்கள் என்றோம். அதற்கு யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் டப்பா நிரம்பி வழிந்தது. சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து எண்ணிக் கணக்குப் போட்டேன். மடவை அடியோடு அழிந்துவிட்டது என்று சொல்லலாம் போல, அப்படி ஒரு விடை. குப்பத்துக்கு இதைவிடச் சாதகமான கணக்கு வேறு கிடையாது. நண்பருக்குப் போன் செய்யலாம் என்று எழுந்த நேரத்தில், சீருடை போட்ட பெண்ணை அழைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். அம்மனைக் கும்பிட்டார். மடியிலிருந்து ஒரு கிளிஞ்சலை எடுத்து மகள் கையில் கொடுத்து டப்பாவில் போட வைத்தார்.

"என்னங்க இது?" என்றேன்.

"பாப்பாவுக்குப் பரீட்ச டீச்சர். இதுல போட்டா நெனச்சது நடக்குதாம், எல்லாரும் சொல்றாங்க."

நான் அழவில்லை, அவ்வளவுதான். அந்த டப்பாவை அப்படியே கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். குப்பத்தில் எல்லோருக்கும் பிடித்திருக்கக்கூடிய விடை, என் கையாலேயே மணலில் போயிற்று. வானத்தில் மேகம் கூட ஆரம்பித்திருந்தது. மழை வந்து முகத்துவாரம் உடைந்தால் மீன் கடலுக்குப் போய்விடும், எண்ண ஒன்றும் மிஞ்சாது. முடிவு செய்யப்போகிற செங்கல்பட்டுக் கூட்டம் அதற்கு அடுத்த மாதம்.

தலைவியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். இந்த முறை அவர் கத்தவில்லை. மறுநாளிலிருந்து விடியும்போதே கொட்டகை வாசலில் வந்து நின்றுகொண்டார். கரையேறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "சாமியப் பாத்தியா? எத்தினி?" என்று கேட்பார். கூடையில் உள்ள மடவையை எங்கள் ஆள் எண்ணுவார். முடிந்த நாட்களில் எல்லாம் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். நாஸ்தாகூட அங்கேயேதான், அவர் வீட்டு இட்லி.

ஒரு நாள் காலை அவர் கணவர் கரையேறினார். கூடையில் மீன் கொஞ்சம் இருந்தது. சாமியைப் பார்க்கவில்லை என்றார். தலைவியின் முகம் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு மஞ்சள் நூலும் தங்கள் பக்கம் பேசும் என்று அதற்குள் அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது. "நல்லா ரோசன பண்ணிச் சொல்லுய்யா, ஒண்ணுகூடவா வரல?" என்று மறுபடி கேட்டார். அந்த மனிதர் வலையை உதறிக்கொண்டே, "பாக்கலன்னா பாக்கலதான். கங்கையம்மா பேர்ல பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். தலைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்லன்னே போட்டுக்குங்க டீச்சரம்மா" என்றார்.

அந்த இடத்தில்தான் என் கோபம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. இத்தனை நாள் என் கணக்கைக் கெடுத்தது எதுவோ, அதேதான் அன்று என் கணக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. டம்ளர் ஆசைக்கும் அசையாதவர்கள், தங்கள் பிழைப்புக்காகவும் அசையவில்லை. வகுப்பில் எத்தனையோ விதமான தரவுகளைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான தரவு என் கைக்கு வந்ததே இல்லை.

மழைக்கு முன்பு எண்ணி முடித்தோம். மடவை குறைந்திருந்தது, மிகவும் குறைந்திருந்தது. அழிந்துவிடவில்லை, ஆனால் இனியும் கை வைத்தால் தாங்காது என்கிற நிலை. செங்கல்பட்டுக் கூட்டத்தில் கணக்கைச் சொன்னபோது ஓர் அதிகாரி சரியான இடத்தில் கை வைத்தார். பார்த்தோம் என்று சொல்வதில் இந்த ஊர்க்காரர்களுக்கு லாபம் இருக்கிறதே, எப்படி நம்புவது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவி எழுந்துவிட்டார்.

"பொய் சொல்றதுன்னா மொத தபாவே சொல்லிருப்போம் சார். சாமி மீனுன்னு கைக்கு வந்தத வுட்டுட்டு, எங்களுக்கு நாங்களே ஆப்பு வெச்சிகினோம். அப்ப சொல்லாத பொய்ய இப்ப எதுக்கு சொல்லணும்?"

சிரித்தவர்களும் உண்டு. ஆனால் மறுத்துப் பேச யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. முதல் கணக்கு, கிளிஞ்சல் டப்பா, மூன்றாவது கணக்கு என்று நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்துவாரத்தில் கல் கொட்டக் கூடாது என்று முடிவாயிற்று. நிரந்தரமாகவா என்று கேட்டால் தெரியாது. இப்போதைக்குத் திறந்திருக்கிறது. பிரிக்காமல் கிடந்த டம்ளர்களை அடுத்த ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றக் கொடுத்துவிட்டோம்.

அதோடு முடிந்தது என்று இருந்தேன். போன வருடம் ஒரு நாள் வகுப்பில் இருக்கும்போது போன் வந்தது. தலைவியின் கணவர்.

"டீச்சரம்மா! சாமி மீனு திரும்பி வந்துகீதும்மா! கயிறு வெளுத்துப் போயி, மீனு நல்லா வளந்து, இம்மாம் பெருசு!"

வெள்ளத்தோடு கடலுக்குப் போன மடவை, திறந்திருந்த அதே வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. போன மீன் திரும்புகிறது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம். வகுப்பு என்பதையும் மறந்து கத்தினேன். "அண்ணா, பத்திரமா வைங்க! நீளம் எவ்வளவுன்னு அளந்தீங்களா? ஒரு போட்டோவாவது எடுத்தீங்களா?"

"அளக்கறதா? கும்புட்டு வுட்டுட்டேம்மா!"

தலையில் அடித்துக்கொண்டேன். மாணவிகள் எல்லாம் என்ன ஆயிற்று மேடம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை, ஒரு மீன் வீட்டுக்கு வந்திருக்கிறது என்றேன். எந்தக் கட்டுரையிலும் அதை எழுத முடியாது, எந்த அட்டவணையிலும் சேர்க்க முடியாது. ஆனாலும் நான் போட்ட கணக்குகளில் எதை உயிரைக் கொடுத்தும் நம்புவாய் என்று யாராவது கேட்டால், அளக்காமல் கும்பிட்டு விட்ட அந்த ஒரு மீனைத்தான் இன்றும் சொல்வேன்.